அம்பாசடர் எஞ்சினை வீட்டிலேயே இறக்கலாமா?

கேள்வி: என்னுடையது 1972 மார்க் 2 அம்பாசடர், 1489 சி.சி. பெட்ரோல். நீலப் புகை அடிப்பதால் ரீபோர் (தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து பெரிதாக்குவது) செய்யச் சொல்கிறார்கள். போர்ட்டிகோவில் வைத்தே எஞ்சினை இறக்க முடியுமா? கியர்பாக்ஸையும் சேர்த்து எடுக்கவேண்டுமா?

பதில்: இறக்கலாம். கியர்பாக்ஸ் வண்டியிலேயே இருக்கட்டும். ரீபோருக்கு அது தேவையில்லை.

போர்ட்டிகோ கூரையின் ஃபேன் கொக்கியில் மட்டும் செயின் பிளாக்கை (சங்கிலியால் எடை தூக்கும் கருவி) மாட்டிவிடாதீர்கள். எஞ்சின் 150 கிலோ அளவுக்கு இருக்கும். பைப் முக்காலியும் 1 டன் செயின் பிளாக்கும் வாடகைக்கு எடுங்கள். இரண்டு கால்கள் வண்டியின் இருபுறமும், ஒன்று முன்னாலும் நிற்கட்டும். தூக்கியபின் எஞ்சினை நகர்த்தாமல் வண்டியைப் பின்னால் தள்ளலாம்.

இந்த வண்டியின் நட்டுகள் இஞ்ச் அளவு. அரை இஞ்ச் நட்டில் 13 மி.மீ. ஸ்பேனர் 0.3 மி.மீ. தளர்வாக உட்காரும், இறுகிய நட்டு என்றால் முனை மழுங்கிவிடும். சைலன்சர் பைப் நட்டுகளுக்கு முந்தைய இரவே துரு நீக்கும் எண்ணெய் விடுங்கள்.

முதலில் பேட்டரியின் எர்த் கேபிள். பழைய வயரிங்கில் பாசிட்டிவ்கூட எர்த்தாக இருக்கலாம், பாடிக்குப் போவது எது என்று பாருங்கள். ரேடியேட்டரோடு எஞ்சின் பிளாக்கின் டிரெயின் டேப்பையும் (நீர் வடிக்கும் குழாய்) திறக்கவேண்டும். சேறு அடைத்து நீர் வராவிட்டால் கம்பியால் குத்துங்கள். பிறகு பானெட், ரேடியேட்டர், கார்புரேட்டர், ஸ்டார்ட்டர், டைனமோ. பெட்ரோல் பைப்பின் முனையை அடைத்துவிடுங்கள். ஆயில் பிரஷர் மீட்டருக்குப் போகும் பைப் மெல்லியது, முறுக்கினால் ஒடியும்.

பெரும்பாலும் கெடுவது கியர்பாக்ஸைப் பிரிக்கும்போதுதான். அதன் முன் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டின் நடுவில் நுழைந்திருக்கும். எஞ்சினின் எடை அதில் தொங்கினால் பிளேட் வளையும். மாட்டியபின் கிளட்ச் முழுதாக விடாமல் கியர் கரகரக்கும். எனவே கியர்பாக்ஸுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுங்கள். செயினை இறுக்கி எடையை ஏற்றியபிறகே எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் போல்ட்டையும், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங் போல்ட்டுகளையும் கழற்றுங்கள். ஷாஃப்ட் முழுதாக வெளிவரும்வரை எஞ்சின் நேராக முன்னால் வரவேண்டும். சிக்கினால் நெம்பாதீர்கள், ஜாக்கியை ஓர் இழை ஏற்றியோ இறக்கியோ பாருங்கள்.

வண்டியைத் தள்ளுமுன் கியர்பாக்ஸை சேசிஸின் குறுக்கே வைத்த பைப்பில் கட்டித் தொங்கவிட்டு ஜாக்கியை எடுத்துவிடுங்கள். தூக்கும் கொக்கி, சிலிண்டர் ஹெட்டை இறுக்கும் ஹெட் ஸ்டட்டில்தான் இருக்கவேண்டும், ராக்கர் கவரிலோ மேனிஃபோல்டிலோ அல்ல. அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப் வெறும் தகடு என்பதால் எஞ்சினைப் பழைய டயர்மேல் இறக்குங்கள். கையோடு கிளட்ச் கார்பன் பேரிங்கின் தேய்மானத்தையும் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு அதற்காகவே மறுபடி இறக்கவேண்டி வரும்.