அரிசி விலையைப் பல வருடங்களுக்குத் தொடர்ந்து கவனிக்க வேண்டுமானால் எதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும்?

முதலில் எந்த அரிசி என்பதை எழுதி வையுங்கள். விலை அதற்கு அப்புறம்தான். "அரிசி, கிலோ இவ்வளவு" என்று மட்டும் இருந்தால் பத்து வருடம் கழித்து அந்தப் பட்டியல் எதற்கும் உதவாது. இதை நான் தெரிந்துகொண்டது அம்மாவின் மளிகை நோட்டிலிருந்து.

எங்களுக்குத் திருச்சி. வீட்டில் எப்போதும் மண்ணச்சநல்லூர் பொன்னிப் புழுங்கல்தான். சிப்பம் வந்து இறங்கியதும் அம்மா தையல் நூலை உருவிவிட்டு, ஒரு கை அரிசியை அள்ளிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வருவார். நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பார். அதன் பிறகுதான் நோட்டு. தேதி, எடை, விலை, பழசா புதுசா, நொய் எப்படி, எல்லாம் ஒரே வரியில்.

ஒரு தடவை மண்டிக்காரரிடம் கேட்டார்: "ஏண்ணே, போன மாசம் கொடுத்த அரிசியா இது? சோறு குழையுதே."

"அந்த லோடு முடிஞ்சிருச்சுக்கா. இது இந்தத் தை அறுப்பு. அதான் விலையைக் குறைச்சுப் போட்டிருக்கேன்."

விலையை மட்டும் எழுதியிருந்தால் அரிசி மலிந்துவிட்டது என்றுதான் தோன்றும். பக்கத்தில் 'புதுசு' என்று இருப்பதால் உண்மை தெரிகிறது. பழைய அரிசி சோறு காணும், புது அரிசி காணாது. அம்மா சிப்பம் பிரித்த நாளையும் காலியான நாளையும் எழுதுவார். விலையை அந்த நாட்களால் வகுத்தால் ஒரு நாள் சோற்றுக்கு என்ன செலவு என்பது கிடைக்கும். நான் பார்த்த கணக்குகளில் இதைவிட நேர்மையான கணக்கு இல்லை.

எடையை விட்டுவிடாதீர்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டி விற்கும் அரிசிக்கு 5% ஜிஎஸ்டி வந்தது. உடனே பல ஆலைகள் 26 கிலோ சிப்பத்துக்கு மாறிவிட்டன. கிலோ 52 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 25 கிலோ 1,300, 26 கிலோ 1,352. சிப்பத்தின் விலையை மட்டும் குறித்தவருக்கு 52 ரூபாய் ஏறியது போலத் தெரியும். ஆனால் ஒரு பைசாகூட ஏறவில்லை. பெரியவர்கள் 'படி' கணக்கில் சொல்லும் பழைய விலைகளிலும் இதே சிக்கல் உண்டு. 1967 தேர்தலில் பேசப்பட்ட 'ரூபாய்க்கு மூன்று படி' முகத்தல் அளவு. ஊருக்கு ஊர் படியும் ஒன்றல்ல. எந்தப் படி என்று தெரியாமல் கிலோவாக மாற்றாதீர்கள்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தினமும் சில்லறை விலை, மொத்த விலை இரண்டையும் வெளியிடுகிறது. 2024 ஆகஸ்டில் 22 பொருட்களோடு இன்னும் 16 சேர்த்து 38 ஆக்கினார்கள். நாட்டின் போக்கைப் பார்க்க அது நல்ல துணை. உங்கள் வீட்டுப் பொன்னியின் விலையை அதில் தேட வேண்டாம்.

விலை மாறும்போது காரணத்தையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி, அதாவது பச்சரிசி, ஏற்றுமதிக்குத் தடை வந்தது. நாம் சாப்பிடும் புழுங்கல் அதில் இல்லை. புழுங்கலுக்கு ஆகஸ்டில் 20% ஏற்றுமதி வரி போட்டார்கள், 2024 அக்டோபரில் முழுவதும் எடுத்தார்கள். பச்சரிசிக்கும் புழுங்கலுக்கும் தனித்தனிப் பக்கம் வைத்திருந்தால்தான் இதெல்லாம் பிடிபடும். ரேஷன் அரிசி 2011 ஜூன் முதல் இலவசம். அதை இட்லிக்குப் போட ஆரம்பித்த மாதத்தையும் குறியுங்கள், கடையில் வாங்கும் அளவு அங்கே குறையும்.

விலைக்குப் பக்கத்திலேயே அன்றைய கூலியையும் எழுதி வையுங்கள். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் தினக்கூலி 2014-15-ல் 167 ரூபாய், 2024-25-ல் 319. அன்றைய கூலியில் எத்தனை கிலோ வாங்கலாம் என்று பார்த்தால்தான் அரிசி உண்மையில் எட்டாமல் போகிறதா என்பது புரியும்.

அம்மாவின் நோட்டு முழுவதையும் இப்போது எக்செல்லில் ஏற்றிவிட்டேன். நடுவில் மூன்று மாதம் எழுதப்படவில்லை, அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள். முன்பின் மாதங்களை வைத்துச் சராசரி போட்டு நிரப்ப எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கட்டங்கள் காலியாகவே இருக்கின்றன.