தெங்குமரஹாடாவுக்கு எவ்வளவு தூரம்?

கேள்வி: வணக்கம் அக்கா. கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டிதான் எங்கள் ஊர். அப்பாவுக்கு முக்கால் ஏக்கர் தேயிலை. நான் புவியியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு மூன்று வருடமாகக் கோவையில் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து ரோடு, கட்டடம் வரைவதுதான் வேலை. வரைவது எந்த ஊர் என்றுகூடத் தெரியாது, ஒரு நாளைக்கு இத்தனை என்று கணக்கு. ஐ.நா. அமைப்புகளிலும் சர்வதேசத் தொண்டு நிறுவனங்களிலும் ஜிஐஎஸ், அதாவது கணினி வரைபட வேலை இருப்பதாகப் படித்தேன். அங்கே உண்மையில் என்ன செய்வார்கள்? எனக்குப் பைத்தான் என்ற நிரல்மொழி தெரியாது, இங்கிலீஷ் பேசத் தயக்கம். அப்பா டிஎன்பிஎஸ்சி எழுதச் சொல்கிறார். வேலையை விட்டுவிட்டு, கடன் வாங்கி வெளிநாட்டில் படிக்கப் போகலாமா?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

கோடநாடு காட்சிமுனைக்கு எத்தனையோ முறை போயிருப்பீர்கள். அங்கே நின்றால் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் தெங்குமரஹாடா தெரியும். வயல் தெரியும், வீடுகள் பொட்டுப் பொட்டாகத் தெரியும். அதுவும் உங்கள் கோத்தகிரி தாலுகாதான். ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் மேட்டுப்பாளையம் இறங்கி, சிறுமுகை, பவானிசாகர் என்று சுற்றி, காட்டுக்குள் போய் மாயாற்றங்கரையில் நிற்க வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் காலங்காலமாகப் பரிசலில்தான் ஆற்றைக் கடந்து வந்திருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் பரிசலும் ஓடாது.

இப்போது கோடநாட்டில் ஒரு மருத்துவமனை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் அதைச் சுற்றி 10 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போடுங்கள். தெங்குமரஹாடா வட்டத்துக்குள் வந்துவிடும். மேப்பைப் பார்க்கிற அதிகாரி, அந்த ஊருக்கு ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

நான் இந்தத் துறைக்கு வந்த புதிதில் இதே தவறைச் செய்தேன். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு மாவட்டத்துக்குத் தடுப்பூசித் திட்டம் போட மேப் செய்து கொடுத்தேன். ஒவ்வொரு சுகாதார நிலையத்தையும் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டம். உள்ளே இருக்கும் ஊருக்குப் பச்சை, வெளியே இருக்கும் ஊருக்குச் சிவப்பு. கூட்டத்தில் ஒரு நர்ஸ் அம்மா எழுந்து வந்து, பச்சை நிறத்தில் இருந்த ஓர் ஊரின் மேல் விரலை வைத்தார். "நடுவில் ஆறு ஓடுகிறது. மழைக்காலத்தில் பாலத்துக்குச் சுற்றி வர ஒரு முழு நாள் ஆகும். இந்த ஊரிலிருந்து பிரசவத்துக்கு எங்களிடம் யாருமே வருவதில்லை" என்றார். அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் நடமாடும் மருத்துவக் குழு அந்த ஊருக்குப் போயிருக்காது. மலையில் பிறந்து வளர்ந்த எனக்கே அது தோன்றாமல் போனது இன்றும் உறுத்துகிறது.

வட்டத்துக்குப் பதிலாக நடை நேரத்தைக் கணக்கிடலாம். சாலைக்கு ஒரு வேகம், காட்டுக்கு ஒரு வேகம், ஏற்றத்துக்கு ஒரு வேகம், ஆற்றுக்குத் தடை என்று கொடுத்தால் கணினி நேரத்தைச் சொல்லும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆக்சஸ்மாட் என்ற இலவசக் கருவி இதற்காகவே உருவானது. மலையின் உயரத் தகவலும் இலவசம். 2000 பிப்ரவரியில் விண்ணோடம் ஒன்றிலிருந்து ரேடார் கொண்டு அளந்தது, 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று கிடைக்கிறது. ஆனால் எந்த மாதம் பரிசல் ஓடாது, யானைப் பாதையில் எத்தனை மணிக்கு மேல் யாரும் நடக்க மாட்டார்கள் என்பதெல்லாம் எந்தக் கோப்பிலும் இல்லை. ஊரில் போய்க் கேட்டால்தான் உண்டு. உங்களுக்கு அது கேட்கத் தோன்றும். அதனால்தான் இந்த வேலைக்கு நீங்கள் பொருத்தமானவர் என்று நினைக்கிறேன்.

சரி, அங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டீர்கள். பெரும்பாலான நாட்கள் எக்செல் ஷீட்டோடு போகும். ஒரு பேரிடர் நடந்தால் ஓர் அமைப்பு கூடாரம் கொடுத்த பட்டியலை அனுப்பும், இன்னொன்று தண்ணீர் கொடுத்த பட்டியலை அனுப்பும். ஒரே ஊரை ஒருவர் ஊட்டி என்று எழுதியிருப்பார், இன்னொருவர் உதகை, மற்றொருவர் உதகமண்டலம், பழைய பட்டியலில் ஊட்டக்கமண்ட். கணினிக்கு அவை நான்கு ஊர்கள். இதற்காகத்தான் ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் நிர்வாக எல்லை ஒவ்வொன்றுக்கும் பி-கோட் என்று ஒரு குறியீடு வைத்துப் பயன்படுத்துகிறது. எல்லாப் பட்டியலையும் அந்தக் குறியீட்டோடு சேர்த்த பிறகுதான் எந்த ஊருக்கு இரண்டு தடவை கூடாரம் போனது, எந்த ஊருக்கு ஒன்றுமே போகவில்லை என்பது வெளியே வரும். அந்த அலுவலகம் 2014-இல் தொடங்கிய ஹியூமானிட்டேரியன் டேட்டா எக்ஸ்சேஞ்ச் தளத்தில் இப்படிப்பட்ட கோப்புகள் பொதுவில் இருக்கின்றன. ஏதாவது ஒரு நாட்டின் கோப்பை இறக்கிப் பாருங்கள், வேலையின் வாசனை தெரிந்துவிடும்.

பெயர் விஷயத்தை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை. நம் மலையில் ஊர் என்றால் படகர்களுக்கு ஹட்டி, தோடர்களுக்கு மந்து, கோத்தர்களுக்கு கோக்கால், இருளர்களுக்குப் பதி. கணினி மேப்பில் பல இடங்களில் இவற்றுக்குப் பெயரே இருக்காது, கூரை மட்டும்தான் இருக்கும். அந்தக் கூரையையும் இப்போது கணினியே படத்திலிருந்து கண்டெடுத்துவிடுகிறது. உங்கள் கோவை வேலை இன்னும் எத்தனை வருடம் இருக்கும் என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் ஒரு மந்தில் ஆள் இல்லையென்றால் அது கைவிடப்பட்டதா, அல்லது எருமைகளோடு வேறு மந்துக்குப் போயிருக்கிறார்களா என்று கணினிக்குத் தெரியாது.

2010 ஜனவரி 12-ஆம் தேதி ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, யார் வேண்டுமானாலும் வரைந்து சேர்க்கக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய மேப்பில் தலைநகரம் போர்ட்-ஓ-பிரின்சுக்கே உருப்படியான மேப் இல்லை. உலகமெங்கும் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து அதன் தெருக்களை வரைந்தார்கள். அதிலிருந்துதான் அந்த மேப்புக்கான மனிதாபிமானக் குழு உருவானது. 2014-இல் அந்தக் குழுவும் செஞ்சிலுவைச் சங்கங்களும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் சேர்ந்து மிஸ்ஸிங் மேப்ஸ் என்ற திட்டத்தை ஆரம்பித்தன. 2015 ஏப்ரலில் நேபாளத்தில் நிலநடுக்கம் வந்தபோது நிலைமை வேறு. காத்மாண்டு லிவிங் லேப்ஸ் என்ற உள்ளூர்க் குழு முன்கூட்டியே தெரு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று மேப்பில் ஏற்றி வைத்திருந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வெளிநாட்டுக்குப் போனால்தான் சர்வதேச வேலை என்ற எண்ணம் போய்விடும்.

இன்னொன்றும் சொல்கிறேன். 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. நிலச்சரிவை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனமும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையும் மற்ற சில அமைப்புகளும் சேர்ந்து லேண்ட்ஸ்லிப் என்ற திட்டத்தில் வேலை செய்தன. அதற்குத் தேர்ந்தெடுத்த இடங்கள் இரண்டு: ஒன்று டார்ஜிலிங், இன்னொன்று நம் நீலகிரி. அதாவது நீங்கள் தேடுகிற வேலை ஏற்கனவே உங்கள் வீட்டு வாசலுக்கு வந்துபோயிருக்கிறது. இப்படிப்பட்ட திட்டங்களில் எப்போதும் இல்லாமல் தவிப்பது பழைய சரிவுகளின் சரியான இடமும் தேதியும்தான். எந்த வளைவில் எந்த ஐப்பசியில் மண் சரிந்தது என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும்.

படிக்க வேண்டியதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். க்யூஜிஐஎஸ் என்ற மேப் மென்பொருள் இலவசம், அதில் கை பழகட்டும். கள ஆய்வில் தகவல் சேகரிக்கக் கோபோ டூல்பாக்ஸ் என்ற கருவி. பைத்தானைக் கண்டு பயப்பட வேண்டாம், ஐம்பது கோப்பைத் திறந்து ஒரே மாதிரி மாற்றத் தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும். இஸ்ரோவின் டேராடூன் தொலையுணர்வு நிறுவனம் இணையத்தில் இலவச வகுப்புகள் நடத்துகிறது.

அதைவிட முக்கியம், தகவலின் குறையை உணரும் பழக்கம். 78 டிகிரி தீர்க்கரேகை தமிழ்நாட்டின் நடுவே போகிறது. உலகை நெடுக்குப் பட்டைகளாகப் பிரித்து அளக்கும் யூடிஎம் முறையில் அது ஓர் எல்லைக்கோடு. அதனால் கோத்தகிரியும் கொடைக்கானலும் 43-ஆம் யூடிஎம் மண்டலம், மதுரையும் சென்னையும் 44. இது தெரியாமல் இரண்டு கோப்பைச் சேர்த்து அளந்தால் அளவு தப்பாக வரும். சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர், சில நாட்களுக்கு ஒரு முறை புதிதாக வரும், இலவசம். ஆனால் தென்மேற்குப் பருவத்தில் கூடலூரைப் பார்த்தால் மேகம்தான் தெரியும். சென்டினல்-1 ரேடார் மேகத்தைத் துளைத்துப் பார்க்கும். சமவெளியில் வெள்ளம் பார்க்க அருமை. நம் ஊர் மாதிரி செங்குத்து மலையில் படத்தில் சரிவின் ஒரு பக்கம் மடங்கிப்போகும், மறுபக்கம் நிழலாகிவிடும்.

காடு என்ற சொல்லும் அப்படித்தான். உலக அளவில் பயன்படும் காட்டு மேப்புகளில் சில, 5 மீட்டருக்கு மேல் வளர்ந்த எதையும் மரப்பரப்பு என்று எடுத்துக்கொள்கின்றன. கற்பூர மரத் தோப்பும் இயற்கையான சோலைக்காடும் அவற்றுக்கு ஒன்று. தோப்பை வெட்டினால் காடு அழிந்தது என்று காட்டும், புல்வெளியில் சீகை மரம் பரவினால் காடு வளர்ந்தது என்று காட்டும். பழனி மலையில் 1973 முதல் 2014 வரையான செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று, மலைப்புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று காட்டியது. காரணம் மரத் தோட்டங்களும் விவசாயமும். மரம் கூடினால் நல்லது என்று மட்டும் தெரிந்தவர் அதே படங்களைப் பார்த்தால் இந்த நஷ்டம் கண்ணிலேயே படாது.

அப்புறம், தெரிந்ததையெல்லாம் மேப்பில் போடக் கூடாது. உலகின் பல நாடுகளில் நடந்த டிஎச்எஸ் குடும்பநல ஆய்வில், கணக்கெடுத்த இடத்தின் புள்ளியை வேண்டுமென்றே தள்ளி வைத்துத்தான் வெளியிடுவார்கள். நகரத்தில் 2 கிலோமீட்டர் வரை, கிராமத்தில் 5 கிலோமீட்டர் வரை, சிலவற்றை 10 வரை. பதில் சொன்ன பெண் யார் என்று எவரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக. குறும்பர்கள் தேன் எடுக்கும் பாறையை உங்களுக்கு நம்பிக் காட்டினால், அதை எங்கே குறிக்கலாம், எங்கே குறிக்கக் கூடாது என்று அவர்களிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

இனி பணம். அப்பாவின் பயம் வீண் பயம் இல்லை. 2025-இல் அமெரிக்க அரசு தன் வளர்ச்சி உதவி நிறுவனமான யுஎஸ்எய்டை மூடியது. இந்தத் துறையில் ஏராளமானோர் வேலை இழந்தார்கள், நான் மேலே சொன்ன டிஎச்எஸ் ஆய்வுக்கு அமெரிக்கா தந்த நிதியும் நின்றுபோனது. இப்போது அனுபவசாலிகளே வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். இருக்கும் வேலைகளிலும் நிறைய ஆறு மாதம், பதினோரு மாதம் என்று ஒப்பந்தம்தான். இந்த நேரத்தில் கடன் வாங்கி வெளிநாட்டில் படிக்கப் போக வேண்டாம். நெதர்லாந்தின் ஐடிசி போல, வளரும் நாட்டு மாணவர்களுக்காகவே 1950-இல் தொடங்கிய நல்ல கல்வி நிறுவனம் இருக்கிறது. முழு உதவித்தொகை கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போங்கள், கிடைக்காவிட்டால் வேண்டாம். கோவை வேலையையும் இப்போது விடாதீர்கள். டிஎன்பிஎஸ்சி எழுதுவதிலும் தவறில்லை. ஒரு தாலுகா அலுவலகத்தில் நிலப் பதிவேடு எப்படி நடக்கிறது என்று உள்ளிருந்து பார்த்தவர் எங்கே போனாலும் மதிப்புள்ளவர்.

வேலை தேடும்போது ரிலீஃப்வெப் தளத்தைப் பாருங்கள். ஜிஐஎஸ் என்று மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும். 'இன்ஃபர்மேஷன் மேனேஜ்மென்ட் ஆஃபீசர்' என்ற பெயரில்தான் நிறைய வரும். ஐ.நா.வில் பி-2 என்ற ஆரம்ப நிலை அதிகாரி வேலைக்குப் பொதுவாக முதுகலையும் இரண்டு வருட அனுபவமும் கேட்பார்கள். இரண்டும் உங்களிடம் இருக்கிறது. இல்லாதது, செய்த வேலையை உங்கள் பெயரோடு காட்ட ஒரு சான்று. ஐ.நா. தன்னார்வலர் திட்டத்திலும் பதிவு செய்து வையுங்கள். இங்கிலீஷைப் பொறுத்தவரை, சரளமாகப் பேசுவதைவிட ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதுவதுதான் இந்த வேலையில் அதிகம் தேவைப்படும். ஒவ்வொரு மேப்புக்கும் கீழே, இதில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று ஐந்து வரி எழுதிப் பழகுங்கள்.

அந்தச் சான்றை இந்தப் பனிக்காலத்திலேயே ஆரம்பிக்கலாம். ஜனவரியில் மேகம் குறைவு. உங்கள் ஊரையும் சுற்றியுள்ள பத்து ஊர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊரிலிருந்தும் கோத்தகிரி ஆஸ்பத்திரிக்கு வெயில் காலத்தில் எவ்வளவு நேரம், மழைக்காலத்தில் எவ்வளவு நேரம், கடைசி பஸ் போன பிறகு எவ்வளவு நேரம் என்று மூன்று மேப். பாதைகளையும் ஊர்ப் பெயர்களையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றுங்கள். யாருக்காவது அனுப்பும் முன்னால் பிரிண்ட் எடுத்து அப்பாவிடம் காட்டுங்கள். எந்தப் பாதை மழையில் நடக்க ஆகாது, எந்த ஊர்ப் பெயர் தப்பு என்று அவர் சொல்வார். திருத்திவிட்டு எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், நானும் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா