ஜெர்மன் வகுப்பில் ஒரு தமிழ் நோட்டு

கேள்வி: தென்காசிப் பக்கம் எங்கள் ஊர். பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தேன். இப்போது வெளிமாநிலத்தில் பி.ஏ. ஜெர்மன், மூன்றாம் ஆண்டு. மொழித்தேர்ச்சியில் பி2 நிலை வரை எப்படியோ தேறிவிட்டேன். அதற்கு அடுத்த நிலையான சி1 பாடங்கள் தொடங்கியதும் முழி பிதுங்குகிறது. ஆசிரியர் ஆங்கிலத்தில்தான் விளக்குகிறார். அதை எழுதிக்கொண்டு வந்து, விடுதி அறையில் உட்கார்ந்து தமிழில் புரிந்துகொள்கிறேன். கூடப் படிப்பவர்கள் எல்லாரும் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளுகிறார்கள். எனக்கு எம்.ஏ. ஜெர்மன் சரிப்பட்டு வருமா?

பதில்: வரும். ஆனால் அந்த இரட்டை வேலையை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஏ1, ஏ2 என்ற தொடக்க நிலைகள் வரைக்கும் ஆங்கிலம் நன்றாகவே கைகொடுக்கும். வாட்டர் என்றால் வாஸ்ஸர், ஹவுஸ் என்றால் ஹவுஸ், வேலை முடிந்தது. சி1 இலக்கணத்துக்கு ஆங்கிலம் அவ்வளவு தூரம் கூட வராது. தமிழ் வரும்.

உங்கள் வகுப்பில் எல்லாரும் தலையில் கை வைக்கும் பாடம் ஒன்று இருக்குமே, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒரு முழு வாக்கியத்தையே மடித்து வைப்பது? ‘டேர் கெஸ்டெர்ன் அவுஸ் மதுரை அங்கெகொமெனெ ப்ரீஃப்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் நேற்று, மதுரையிலிருந்து, வந்த, கடிதம். ‘டேர்’ என்ற தலைப்பாகையைக் கழற்றிவிட்டால் மிச்சம் அப்படியே தமிழ். ஆங்கிலம் வழியாக வருகிறவர் முதலில் கடிதத்தைப் பிடித்து, அப்புறம் பின்னோக்கி நடக்க வேண்டும். நமக்கு இது பெயரெச்சம். எட்டாம் வகுப்பிலேயே படித்தாயிற்று. பேசத் தொடங்கிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டும் இருக்கிறோம்.

அடுத்தது, செய்தித்தாள் ஜெர்மனில் பிறர் சொன்னதைச் சொல்லும்போது வினை உருமாறுவது. அமைச்சருக்கு ஒன்றும் தெரியாது என்று அவரே சொன்னால், ‘எர் விஸ்ஸெ நிஷ்ட்ஸ்’ என்று எழுதுவார்கள். ‘வைஸ்’ இல்லை, ‘விஸ்ஸெ’. பொறுப்பு அமைச்சருடையது, எழுதியவருடையது இல்லை என்று அந்த ஒரு வினை சொல்லிவிடுகிறது. நாம் ‘அவருக்கு ஒன்றும் தெரியாதாம்’ என்போம். ஒரு வித்தியாசம் உண்டு. நம் ‘ஆம்’ கூடவே கொஞ்சம் நக்கலும் ஒட்டிக்கொள்ளும். அந்த ஜெர்மன் வடிவம் நடுநிலையானது. ஊர்ப்பேச்சு வாசனை வேண்டுமானால் ‘ஸோல்’ இருக்கிறது. ‘எர் ஸோல் ரைஷ் ஸைன்’ என்றால் ‘பெரிய பணக்காரராம்’, அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்தவை ‘டொஹ்’, ‘யா’, ‘மால்’ போன்ற பொடிச்சொற்கள். நான் படித்த காலத்தில் நோட்டில் ஜெர்மன், ஆங்கிலம், தமிழ் என்று மூன்று பத்தி போட்டிருந்தேன். இந்தச் சொற்கள் வந்த பக்கத்தில் ஆங்கிலப் பத்தி முழுக்கக் கேள்விக்குறி. தமிழ்ப் பத்தியில் ‘கொம் டொஹ் மால்’ என்பதற்கு நேரே ‘வாயேன்’. ‘டஸ் வைஸ்ட் டூ யா’ என்பதற்கு நேரே ‘உனக்குத்தான் தெரியுமே’. அந்த ‘ஏ’யை ஆங்கிலத்தில் விளக்க அரைப் பக்கம் வேண்டும். அடுத்த வாரம் நடுப்பத்தியை அடித்துவிட்டேன்.

தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு. பெயர்ச்சொல்லின் பாலைக் காட்ட அதன் முன்னால் வரும் டேர், டீ, டஸ் விஷயத்தில் எந்த மொழியும் உதவாது. பெயரோடு சேர்த்து மனப்பாடம்தான். ‘முடிவெடுக்க’ என்பதற்கு அவர்கள் முடிவைச் ‘சந்திப்பார்கள்’, அதாவது ‘ட்ரெஃப்ஃபென்’. இப்படிப்பட்ட ஜோடிகளையும் முழுசாகவே விழுங்க வேண்டும்.

தேர்வைப் பற்றி ரொம்பக் கவலை வேண்டாம். ஜெர்மன் மொழித் தேர்வுகள் நடத்தும் கோதே நிறுவனத்தின் சி1 தேர்வை 2024 முதல் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று தனித்தனியாகவும் எழுதலாம். ஒவ்வொன்றிலும் 100க்கு 60 எடுத்தால் போதும், விட்டதை மட்டும் திரும்ப எழுதலாம். கேட்டலுக்கு ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்சே வெல்லேயில் மெதுவாக வாசிக்கும் செய்தி கிட்டத்தட்ட தினமும் வருகிறது, எழுத்து வடிவத்தோடு. காலையில் ஒன்றைக் கேட்டுவிட்டு, அதே செய்தியை அம்மாவிடம் போனில் தமிழில் சொல்லுங்கள். எங்கே திக்குகிறதோ அங்கேதான் உங்களுக்கு ஜெர்மன் புரியவில்லை.

எம்.ஏ.வுக்கு வருவோம். வகுப்பில் மற்றவர்களால் தொட முடியாத ஆய்வுத் தலைப்புகள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஊருக்கு எழுதிய கடிதங்கள் ஹால்லெ நகரத்து ஃபிராங்கெ அறக்கட்டளைக் காப்பகத்தில் இருக்கின்றன. ஜெர்மன் இறையியலாளர் கார்ல் கிரவுல் குறளை ஜெர்மனில் பெயர்த்து 1856இல் வெளியிட்டார். ‘ஊழ்’ என்பதற்கு அவர் என்ன சொல் போட்டார், அது பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்ல, குறளை மூலத்தில் படிக்கிற ஆள் வேண்டும். ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளுகிற உங்கள் நண்பர்கள் இதற்கு உங்களிடம்தான் வர வேண்டியிருக்கும்.

விண்ணப்பம் போடுங்கள். அதற்கு முன், இன்றைக்கே ஒரு புது நோட்டு வாங்கி நடுவில் ஒரே ஒரு கோடு போடுங்கள்.