தேனீ கொட்டி மயக்கம்: தடிப்பு வராததுதான் கவலைக்குரியது

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் நீங்கள் தொல்லைகளை வரிசையாக அடுக்கிவிட்டு, கடைசியில்தான் தேனீப்பெட்டியைத் திறந்தபோது ஒரே ஒரு கொட்டு வாங்கிப் பத்து நிமிடத்தில் கண் இருண்டு விழுந்ததைச் சொல்கிறீர்கள். எனக்கு அந்த வரி போதும். காலைத் தும்மலும், வயிற்றுப் பொருமலும், நகம் பட்ட இடம் கோடாகத் தடிப்பதும் ஊரில் பலருக்கும் உள்ளவை. அவற்றைக் கைபேசியில் தேடி, 'மாஸ்ட் செல் புற்றுநோய்' என்று நீங்களே முடிவு கட்டியது வீண் வேலை.

மாஸ்ட் செல்கள் எல்லோருக்கும் தோலிலும் மூச்சுக்குழாயிலும் குடலிலும் இருக்கும் நோயெதிர்ப்புச் செல்கள். தேனீ விஷத்துக்கென உருவான ஐஜிஇ எதிர்ப்புப் புரதம் அவற்றின்மேல் ஒட்டியிருக்க, அடுத்த கொட்டின் விஷம் அதில் பட்டதும் ஹிஸ்டமின், டிரிப்டேஸ் முதலிய வேதிப்பொருள்கள் நிமிடங்களுக்குள் வெளியேறுகின்றன. பெரும்பாலும் உடம்பெங்கும் காணாக்கடிபோலத் தடிக்கும். உங்களுக்கோ அரிப்பும் தடிப்பும் இல்லாமல் நேரடியாக இரத்த அழுத்தம் சரிந்திருக்கிறது. இப்படி விழும் ஆண்களில் சிலருக்கு இச்செல்கள் அளவுமீறிப் பெருகும் மாஸ்டோசைடோசிஸ் இருப்பதுண்டு. இருந்தாலும், பெரியவர்களுக்கு வருவது பெரும்பாலும் ஆயுளை அதிகம் பாதிக்காத மந்த வகைதான். உயிருக்கு ஆபத்து அடுத்த கொட்டில் இருக்கிறது.

கொட்டு வாங்கி மாதம் ஒன்று ஆகிவிட்டதால், இச்செல்கள் பெருகியிருக்கின்றனவா என்று அறிய இப்போது இரத்தத்தில் டிரிப்டேஸ் அளவைப் பாருங்கள். மில்லிலிட்டருக்கு 11.4 நானோகிராமைத் தாண்டினால் இரத்தநோய் நிபுணரிடம் செல்ல வேண்டும். தாண்டாவிட்டாலும், தடிப்பில்லாமல் மயங்கியதை ஒவ்வாமை நிபுணரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். தேனீ விஷத்தையே சிறுகச் சிறுக ஏற்றிப் பழக்கும் சிகிச்சை உண்டு. அது தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். அதுவரை, ரப்பர் துளிர்க்கும் தேன் பருவமே ஆனாலும், பெட்டிகளை வேறொருவர் பார்க்கட்டும். கொட்டு வாங்கிப் பழகிய உடம்பு என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

பெட்டி திறக்கும் முன் செட்டிரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரை போடும் வழக்கத்தை யார் சொல்லித் தந்தாரோ தெரியவில்லை. அது அரிப்பை அடக்குமே தவிர, சரியும் இரத்த அழுத்தத்தை நிமிர்த்தாது. அதற்கு உரியது தொடையின் வெளிப்புறத் தசையில் போடும் அட்ரினலின், பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம். அதை வீட்டில் வைத்திருப்பது பற்றி மருத்துவரிடம் கேட்டு, ஊசி போட வீட்டிலுள்ள ஒருவரும் பழகிக்கொள்ளட்டும். மறுபடி கொட்டினால் கொடுக்கை உடனே சுரண்டி எடுத்துவிட்டுப் படுத்துக் காலை உயர்த்துங்கள்; எழுந்து நடக்கக் கூடாது. ஊசி போட்டபின்னும் மருத்துவமனைக்குச் சென்றாக வேண்டும்.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவதாக எழுதிவிட்டு, பெயரை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். அட்டினோலால் வகையானால் அட்ரினலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம். நீங்களாக நிறுத்தாமல், எழுதித் தந்த மருத்துவரிடம் இந்த வாரமே மாற்றுக் கேளுங்கள்.