கொறடா உத்தரவை மீறினால் என்ன ஆகும்? கேள்வி பதில்

கேள்வி: எங்கள் எம்.எல்.ஏ. தன் கட்சித் தலைவரையே பேட்டியில் விமர்சித்துவிட்டார். பதவி போய்விடுமா?

பதில்: விமர்சித்ததற்காக மட்டும் போகாது. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, அதாவது அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணைப்படி, கட்சி சார்பில் ஜெயித்தவர் இரண்டு விதத்தில் பதவி இழக்கலாம். ஒன்று, கட்சியைத் தானாக விட்டுவிடுவது. மற்றது, கொறடா உத்தரவை, அதாவது எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி இடும் கட்டளையை, மீறி அவையில் ஓட்டுப் போடுவது அல்லது போடாமல் இருப்பது. இந்த இரண்டாவதைக் கட்சி 15 நாளுக்குள் மன்னித்துவிட்டால் சிக்கல் இல்லை. முதலாவதில்தான் ஆபத்து. ராஜினாமா கொடுக்காவிட்டாலும், நடத்தையை வைத்தே 'கட்சியை விட்டுவிட்டார்' என்று முடிவு செய்யலாம் என ரவி நாயக் வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கேள்வி: 2017-ல் அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் 18 பேர் பதவி இழந்தது அப்படித்தானா?

பதில்: ஆமாம். முதல்வர் எடப்பாடி பழனிசாமி மீது நம்பிக்கை இல்லை என்று அவர்கள் ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அவையில் எதிர்த்து ஓட்டுப் போடவில்லை. செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தனபால் தகுதி நீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் மாறுபட்டார்கள், மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் நீக்கம் செல்லும் என்றார். அதே 2017 பிப்ரவரியில் நம்பிக்கை வாக்கெடுப்பில் ஓ. பன்னீர்செல்வம் உட்பட 11 பேர் எதிர்த்தே ஓட்டுப் போட்டார்கள். அவர்கள் பதவி போகவில்லை! அப்புறம் கட்சியில் பழனிசாமி அணியும் பன்னீர்செல்வம் அணியும் இணைந்தன, பன்னீர்செல்வம் துணை முதல்வரும் ஆனார். இது எனக்கு இன்றும் ஆறாத விஷயம். அந்த 18 தொகுதி மக்களுக்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் எம்.எல்.ஏ.வே இல்லை. முடிவெடுக்கும் சபாநாயகர் ஆளும் கட்சிக்காரராக இருக்கும்வரை இப்படித்தான் நடக்கும்.

கேள்வி: தலைவரே கட்சியை விட்டு நீக்கிவிட்டால் எம்.எல்.ஏ.வுக்குச் சுதந்திரம்தானே?

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1991-ல் அ.தி.மு.க. சார்பில் ஜெயித்த ஜி. விஸ்வநாதனைக் கட்சி நீக்கியது. பிறகு அவர் வேறு கட்சியில் சேர்ந்தார், பதவி போனது. நீக்கப்பட்டவரும் சட்டத்தின் கண்ணில் பழைய கட்சிக்காரர்தான் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கட்சி வேண்டாம் என்று தள்ளிய பிறகும் பிடி மட்டும் விடுவதில்லை. இது நியாயமே இல்லை என்பேன்.

கேள்வி: ராஜ்யசபா தேர்தலில் மாற்றி ஓட்டுப் போட்டால்?

பதில்: அதற்காகப் பதவி போகாது. கட்சி வேண்டுமானால் நடவடிக்கை எடுக்கலாம்.

கேள்வி: சரி, சட்டத்தையே எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம், பணத்துக்குத் தாவுகிறவர்களைத் தடுக்க அது தேவை. ஆட்சி நிற்குமா விழுமா என்ற வாக்கெடுப்புகளுக்கு மட்டும் கொறடா உத்தரவு போதும். தேர்தல் சீர்திருத்தம் பற்றி ஆராய்ந்த தினேஷ் கோஸ்வாமி குழு 1990-லேயே இதைச் சொன்னது. ஒரு சாதாரண மசோதா தன் தொகுதி விவசாயியைப் பாதிக்கும் என்று தெரிந்தால், எம்.எல்.ஏ. பயமில்லாமல் எதிர்த்து ஓட்டுப் போட முடிய வேண்டும்.