பாஸ்டனில் ரெட் லைனையும் ப்ளூ லைனையும் இணைக்க வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். பாஸ்டன் சுரங்க ரயிலின் முக்கியத் தடங்களில் நேரடியாகச் சந்திக்காத ஜோடி இந்த இரண்டு மட்டும்தான்.

கிழக்கு பாஸ்டனில் இருப்பவர் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். ப்ளூ லைனில் கவர்ன்மென்ட் சென்டர், அங்கே கிரீன் லைனுக்கு மாறி ஒரே ஒரு நிறுத்தம், பார்க் ஸ்ட்ரீட்டில் இறங்கி மறுபடி ரெட் லைன். டிக்கெட் கூடுதலாக எடுக்க வேண்டியதில்லைதான். ஆனால் ஊன்றுகோலோடு வரும் நோயாளிக்கு இரண்டு முறை ரயில் மாறுவது பெரும்பாடு. ப்ளூ லைன் முடியும் பௌடாயினிலிருந்து அந்த மருத்துவமனை நிலையம் அரை மைல்கூடக் கிடையாது. பலர் கேம்பிரிட்ஜ் தெருவில் நடந்தே போய்விடுகிறார்கள். பனிக்காலத்தில் அதுவும் சிரமம்.

விமான நிலையத்திலிருந்து சில்வர் லைன் பேருந்தில் ரெட் லைனைப் பிடிக்கலாமே என்பார்கள். விமானப் பயணிக்குச் சரி. ப்ளூ லைனில் இருக்கும் ரெவியரிலிருந்து ரெட் லைனில் இருக்கும் கேம்பிரிட்ஜ் நகருக்குத் தினமும் வேலைக்குப் போகிறவருக்கு அதனால் என்ன பயன்?

ப்ளூ லைனை பௌடாயினிலிருந்து அந்த மருத்துவமனை நிலையம் வரை நீட்டத் தெருவுக்கு அடியில் சுரங்கம் தோண்டுவது பெரிய செலவு, மறுக்கவில்லை. ஆனால் நெடுஞ்சாலையைப் பூமிக்கடியில் கொண்டுபோன 'பிக் டிக்' திட்டத்துக்கு ஈடாக 1990களிலேயே மாநில அரசு ஒப்புக்கொண்ட பணிகளில் இதுவும் ஒன்று. நெடுஞ்சாலை முடிந்துவிட்டது, இந்த இணைப்பு இன்னும் வரவில்லை.