கேபிள் இழுக்க மரபணு எதற்கு?

கேள்வி: எங்கள் கல்லூரியின் பத்துக் கட்டடங்களும் ஒரே வரிசையாகக் கேபிளில் இணைந்துள்ளன. நடுவில் அறுந்தால் பாதி வளாகம் முடங்குகிறது. பட்ஜெட்டுக்குள் புதிய இணைப்புகளைத் தேர்ந்தெடுக்க ‘மரபணு வழிமுறை’ உதவும் என்கிறார் பேராசிரியர். நிஜமா?

பதில்: நிஜம்தான். ஆனால் முதலில் வரிசையின் இரு முனைகளையும் இணைத்து வளையமாக்க முடியுமா என்று பாருங்கள். ஓரிடத்தில் அறுந்தால் மறுபக்கம் வழி இருக்கும். அதற்குக் கணினியே வேண்டாம்.

அதற்கு மேலும் பணம் இருந்தால்தான் சிக்கல். பத்துக் கட்டடங்களுக்கிடையே 45 இணைப்புகள் சாத்தியம். 9 ஏற்கெனவே உள்ளன. மீதி 36இல் எதைப் போடலாம், எதை விடலாம் என்பதற்குச் சுமார் 6,870 கோடி விதங்கள்! மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹாலண்ட் வளர்த்தெடுத்த மரபணு வழிமுறை இங்கே கைகொடுக்கும். போடும் இணைப்புக்கு 1, விடுவதற்கு 0 என்று 36 இலக்கங்களில் ஒரு திட்டத்தை எழுதுங்கள், அதுதான் அதன் மரபணுத் தொகுப்பு. கண்ணை மூடிக்கொண்டு நூறு திட்டங்களை உருவாக்கி, கேபிள் அறுந்தால் எது எவ்வளவு தாங்கும் என்று மதிப்பெண் போடுங்கள். தேறியவற்றில் ஒன்றின் முன்பாதியையும் மற்றதன் பின்பாதியையும் ஒட்டினால் பிள்ளைத் திட்டம். எப்போதாவது ஓர் இலக்கத்தைப் புரட்டிவிடுங்கள். இப்படியே தலைமுறை தலைமுறையாக ஓடட்டும்.

பட்ஜெட்டை மீறும் திட்டத்தை உடனே கொன்றுவிடாதீர்கள். மீறிய தொகைக்கேற்ப மதிப்பெண்ணைக் குறைத்தால் போதும். அதற்குள்ளும் ஒரு நல்ல பாதி ஒளிந்திருக்கலாம். கிடைப்பது ஆகச் சிறந்த விடை என்ற உத்தரவாதம் மட்டும் கிடையாது. பேராசிரியர் இதைச் சொன்னாரா?

இன்னொன்று: பழைய கேபிள் கிடக்கும் பள்ளத்திலேயே புதியதையும் புதைக்க ஒப்பந்தக்காரர் ஆசைப்படுவார். விடாதீர்கள். ஒரே பொக்லைன் இரண்டையும் சேர்த்து அறுத்துவிடும்.